இரண்டு பேருக்கு ஒரே பில் எண்

கேள்வி: அண்ணே, பினாங்கு லிட்டில் இந்தியாவில் இருக்கும் மாமாவின் துணிக்கடைக்கு பைத்தானில் பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். மூன்று கவுண்டர், மூன்றிலும் லினக்ஸ். கடைசி பில் எண் உள்ள கோப்பு மாடியில் நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் எல்லாக் கணினிக்கும் பொதுவான சேமிப்புப் பெட்டி) இருக்கிறது. என்எஃப்எஸ் (வேறு கணினியில் உள்ள கோப்பை நெட்வொர்க்கில் திறக்கும் முறை) வழியாகத் திறக்கிறேன். 'பூட்டு' என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் உருவாக்கி, எண்ணைக் கூட்டியதும் அழித்துவிடுகிறேன். தீபாவளி நெரிசலில் இரண்டு பேருக்கு ஒரே எண் போய்விட்டது. லினக்ஸே தரும் கோப்புப் பூட்டுகளில் எஃப்லாக்கா, எஃப்சிஎன்டிஎல்லா, எதற்கு மாறுவது?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, பார்ப்பதற்கும் உருவாக்குவதற்கும் நடுவில் இருக்கும் சந்தில்தான் இரண்டாவது கவுண்டர் நுழைந்திருக்கிறது. என்எஃப்எஸ் விவரங்களைச் சில நொடிகள் நினைவில் வைத்துக்கொண்டு பழைய பதிலையே சொல்லும் என்பதால், அந்தச் சந்து நீங்கள் நினைப்பதைவிட அகலம். பூட்டுக் கோப்பை 'எக்ஸ்' மோடில் (கோப்பு ஏற்கெனவே இருந்தால் பிழை தரும்) திறந்தால் பார்ப்பதும் உருவாக்குவதும் ஒரே வேலையாகிவிடும். ஆனால் பூட்டு இருக்கும்போது கரண்ட் போனால்? மறுநாள் காலை அந்தக் கோப்பு அப்படியே கிடக்கும், பில் ஓடாது, மாமா உங்களுக்குத்தான் போன் அடிப்பார்.

எஃப்சிஎன்டிஎல்லுக்குப் போங்கள். பைத்தானில் அதன் பெயர் லாக்எஃப். என்எஃப்எஸ் நான்காம் பதிப்பில் பூட்டு நெறிமுறைக்குள்ளேயே இருக்கிறது. பூட்டிய கணினி செத்துப்போனால் அதனிடமிருந்து தகவல் வரச் சர்வர் காத்திருக்கும் குத்தகை காலம் முடிந்ததும் சர்வர் பூட்டை விடுவித்துவிடும். லினக்ஸில் அது வழக்கமாக 90 நொடி. எஃப்லாக்கும் லினக்ஸின் மையமான கெர்னலின் 2.6.12 பதிப்பிலிருந்து என்எஃப்எஸ் மேல் இதே பூட்டாகத்தான் மாறிப் போகிறது. அதற்கு முன் அந்தந்தக் கணினிக்குள் மட்டும் பூட்டும்.

எஃப்சிஎன்டிஎல்லில் ஒரு குழி உண்டு, நானே விழுந்திருக்கிறேன். பாயான் லெப்பாஸில் வேலை பார்த்தபோது, பூட்டிய கோப்பை, நடந்ததைக் குறிப்பேட்டில் பதிவு செய்யும் ஃபங்ஷன் ஒன்று படிக்கத் திறந்து மூடியது. அவ்வளவுதான், பூட்டு போச்சு. ஒரே பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) அந்தக் கோப்பின் எந்தத் திறப்பை மூடினாலும் பூட்டு முழுதும் கழன்றுவிடும். கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ராத்திரி. அதனால் எண் கோப்பைப் பூட்டாதீர்கள், பக்கத்தில் வெறும் கோப்பு ஒன்றை வைத்து அதைப் பூட்டுங்கள். வேறு எவரும் அதைத் திறக்க வேண்டாம்.

அப்புறம், மூன்று கணினியிலும் மவுண்ட் விவரத்தில் (நாஸை இணைத்திருக்கும் அமைப்பு) 'நோலாக்' இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒவ்வொரு கவுண்டரும் தனக்குத்தானே பூட்டிக்கொண்டு திருப்தியாக உட்கார்ந்திருக்கும். சோதிப்பது சுலபம்: முதல் கவுண்டரில் பூட்டிவிட்டு ஒரு நிமிடம் தூங்கவிடுங்கள், இரண்டாவதில் காத்திருக்காமல் பூட்டிப் பாருங்கள். கிடைத்துவிட்டால் பூட்டு பொய்.

ஒரே கோப்பில் இயங்கும் டேட்டாபேஸான எஸ்கியூலைட்டுக்கு மாறலாமே என்று தோன்றும். அந்தக் கோப்பையும் நாஸில்தான் வைப்பீர்கள் என்றால் வேண்டாம். அதன் 'வால்' (WAL) முறைக்கு, அதாவது மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் முறைக்கு, எல்லாப் பிராசஸும் ஒரே கணினியில் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், ஒரு கவுண்டரில் எண் கொடுக்கும் சின்ன சர்வீஸ் ஓடட்டும், மற்ற இரண்டும் அதனிடம் கேட்டு வாங்கட்டும். பூட்டு என்ற பேச்சே வராது.

ஏற்கெனவே இரட்டையான பில்லைக் கோப்பில் கை வைத்துத் திருத்தாதீர்கள். முதலில் கடைக் கணக்கரிடம் சொல்லுங்கள்.