வைஸுக்கு எந்த கிரீஸ்? – நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: புதிதாக ஆறு அங்குல பெஞ்ச் வைஸ் (இரண்டு தாடைகளுக்கு நடுவே பொருளை வைத்துத் திருகி இறுக்கிப் பிடிக்கும் கருவி) வாங்கியிருக்கிறேன். கிரீஸா, ஆயிலா என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
– கிரில் பட்டறை உரிமையாளர், கோவை

பதில்: இரண்டும் வேண்டும், போடும் இடம்தான் வேறு. திருகுத் தண்டின் மரைக்கும் அது ஓடும் நட்டுக்கும் லித்தியம் கிரீஸ் போடுங்கள். டப்பாவில் என்எல்ஜிஐ என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். கிரீஸ் எவ்வளவு கெட்டியானது என்பதைக் காட்டும் எண் அது. 000 என்றால் கிட்டத்தட்ட எண்ணெய்போல ஓடும். 6 என்றால் கட்டியாக நிற்கும். உங்களுக்கு 2 அல்லது 3 சரி. வண்டிகளின் சக்கர பேரிங்குக்காக உதிரிபாகக் கடைகளில் ஏபி3 என்று கேட்டு வாங்குவார்களே, அதுவே தாராளம். 'வைஸுக்கென்றே தயாரித்தது' என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.

நகரும் தாடை வழுக்கி ஓடும் பகுதிக்கு மெஷின் ஆயிலைத் துணியில் தொட்டு ஒரு துடைப்பு துடைத்தால் போதும். பலரும் மறந்துவிடும் இடம் ஒன்று உண்டு. கைப்பிடிக்குச் சற்று உள்ளே, தண்டின் தலை தாடையில் உரசும் வளையம். இறுக்கும்போது பாரம் முழுவதும் அங்கேதான் விழுகிறது. மரை வழவழவென்று இருந்தும் வைஸ் முரண்டு பிடிக்கிறது என்றால், முதலில் அந்த வளையத்தைப் பாருங்கள். பெரும்பாலும் காய்ந்துபோய்ப் பளபளவென்று தேய்ந்திருக்கும். அங்கே பட்டாணி அளவு கிரீஸ் வையுங்கள். தாடையின் பல் தகட்டில் மட்டும் எதுவும் படக்கூடாது. பிடித்திருக்கும் பொருள் வழுக்கினால் அரம் கையில் பாயும்.

கேள்வி: டபிள்யூடி-40 ஸ்பிரேதான் அடிக்கிறேன். சில நாளிலேயே மறுபடியும் கிரீச்சிடுகிறது. போலிச் சரக்காக இருக்குமோ?
– இருசக்கர வாகன மெக்கானிக், திண்டுக்கல்

பதில்: இதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. அந்தத் திரவத்தை 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்காகத் தயாரித்தார்கள். அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகட்டைக் காக்கவும் அது பயன்பட்டது. இறுகிய போல்ட்டை இளக்கவும் பழைய பிசுக்கைக் கரைக்கவும் அருமையான சரக்கு. பாரம் தாங்கும் மரைக்கு அதன் மெல்லிய படலம் நிற்காது. மரையில் மிச்சமிருந்த கிரீஸையும் நீங்களே கரைத்து வெளியேற்றிக்கொண்டிருக்கிறீர்கள். அதை அடித்துத் துடையுங்கள். பிறகு கிரீஸ் போடுங்கள்.

கேள்வி: வீட்டில் இருக்கும் நல்லெண்ணெய் போதாதா?
– ஐடிஐ மாணவர், விருதுநகர்

பதில்: போதாது. காற்றுப் பட்டுப் பிசினாகிவிடும்.

கேள்வி: மர வேலைக்கான வைஸ். கிரீஸ் போட்டால் மரத்தூள் அப்பிக்கொள்கிறது, பலகையிலும் கறை படிகிறது.
– தச்சர், செங்கோட்டை

பதில்: நல்ல கேள்வி. தூள் பறக்கும் இடத்தில் ஈரப்பசையுள்ள எதுவும் எதிரிதான். கிராஃபைட் தூள் அல்லது மெழுகு போடுங்கள். கிராஃபைட்டும் கருப்புக் கறை விடும் என்பதால் வெளிர்நிற மரம் அறுப்பவர்களுக்கு மெழுகே மேல். வெறும் மெழுகுவர்த்தியை மரையில் தேய்த்தாலே போதும். செலவும் இல்லை.

கேள்வி: 'இறக்குமதி நீல கிரீஸ், ஆயுள் முழுதும் ஒரே பூச்சு' என்ற விளம்பரத்தை நம்பி இணையத்தில் 640 ரூபாய்க்கு வாங்கினேன். லேபிளே இல்லாத டப்பா வந்தது. ஒரே மழையில் வைஸ் துருப்பிடித்துவிட்டது. விற்றவர் பணம் தர மறுக்கிறார். ஓய்வூதியத்தில் வாழ்பவன் ஐயா நான்.
– ஓய்வுபெற்ற பிட்டர், நாகப்பட்டினம்

பதில்: ஐயா, உங்கள் மீது ஒரு பிழையும் இல்லை. விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக்கூடாது என்று 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளே சொல்கின்றன. முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் உங்கள் ஊருக்கான மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. டப்பா, பில், விளம்பரத்தின் படம் மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு இதில் நெடுநாள் ஆத்திரம். கிரீஸின் நிறத்துக்கும் தரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீலம், சிவப்பு, பச்சை எல்லாம் சாயம். எண்ணெயைக் கெட்டியாக்க உள்ளே சேர்த்திருப்பது லித்தியம் போன்ற எந்த சோப்பு, எந்த எண்ணெய், எந்த என்எல்ஜிஐ எண் என்பதுதான் விஷயம். அதைச் சொல்லாமல் நிறத்தைக் காட்டி விற்பவர் உங்கள் கண்ணை ஏமாற்றுகிறார். பொட்டலப் பொருள்களுக்கான 2011-ம் ஆண்டு விதிகளின்படி தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், எம்.ஆர்.பி., புகாருக்கான தொடர்பு விவரம் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். இறக்குமதி என்றால் எந்த நாடு என்பதும் வேண்டும். பல கடைகளில் பெரிய வாளியிலிருந்து அள்ளி, பாலித்தீன் பையில் கால் கிலோ கால் கிலோவாக முன்கூட்டியே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதுவும் பொட்டலம்தான், அதற்கும் அந்த விதி உண்டு. பெயரில்லாத பை ஒன்றை நானும் வாங்கியிருக்கிறேன். மழைக்காலம் முடிவதற்குள் எண்ணெய் தனியாகப் பிரிந்து பலகையெல்லாம் வழிந்தது. மரையில் வெறும் சக்கை மிஞ்சியது. யாரிடம் கேட்பது? பையில்தான் யார் பெயரும் இல்லையே. கூலிக்கு வேலை செய்பவரின் காசு இப்படிப் போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

கேள்வி: கைப்பிடியில் நீளமான பைப்பைச் சொருகி இறுக்கினேன். வைஸ் விரிசல் விட்டுவிட்டது. கிரீஸ் சரியில்லை என்று கடைக்காரர் மீது வழக்குப் போடலாமா? பில் வாங்கவில்லை.
– வெல்டிங் பட்டறை, ஈரோடு

பதில்: கூடாது. வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, உடையும். கைப்பிடி எவ்வளவு நீளமோ அவ்வளவு பலம்தான் அந்த வைஸுக்குக் கணக்கு. பில்லும் வாங்காமல், பைப்பும் சொருகிவிட்டு, கிரீஸ் மீது பழி போடாதீர்கள்.

கேள்வி: வண்டியில் இருந்து இறக்கிய பழைய ஆயில் இலவசமாகக் கிடைக்கிறது. ஊற்றலாமா?
– வாசகர், சேலம்

பதில்: வேண்டவே வேண்டாம். இன்ஜினுக்குள் எரிந்த கரியும், அமிலமும், உலோகத் துகளும் அதில் கலந்திருக்கின்றன. தினமும் கையில் பட்டால் தோலுக்குக் கேடு. புற்றுநோய் அபாயமும் உண்டு. சட்டப்படி அது அபாயகரக் கழிவு. ஒரு சிறிய மெஷின் ஆயில் புட்டி வாங்க முடியாத பட்டறை எதுவும் இல்லை.

கேள்வி: பழைய இரும்புக் கடையில் வாங்கிய வைஸ். உள்ளே ஏதோ கிரீஸ் இருக்கிறது. அதன் மேலேயே புதியதைப் போடலாமா?
– பம்ப் பழுதுபார்ப்பவர், தாராபுரம்

பதில்: போடாதீர்கள். சில வகை கிரீஸ்கள் ஒன்றோடொன்று சேராது. கலந்தால் இளகி ஒழுகிவிடும். அதைவிட மோசம், அந்தப் பழைய கிரீஸில் ஊறியிருக்கும் அரத்தூள். தண்டை முழுவதும் திருகி நகரும் தாடையை வெளியே எடுங்கள். நல்ல கனம் இருக்கும், கழலும் நேரத்தில் காலில் விழாமல் இன்னொருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். கம்பி பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தொட்டு மரையின் அடிவரை தேயுங்கள். நட்டின் உட்புறத்தையும் விடாதீர்கள். பனியன் வேஸ்ட்டால் (கழிவுப் பனியன் துணியால்) துடைத்தபின் துணியில் கருப்பு ஒட்டவில்லை என்றால் புதிய கிரீஸ் போடலாம். நட்டின் மரை கத்திபோலக் கூராகத் தேய்ந்திருந்தால், கிரீஸுக்குச் செலவழிக்காமல் நட்டை மாற்றுங்கள்.