மார்கழிக் குளிருக்கு அத்தி மரத்தை மூட வேண்டுமா?

நியூயார்க்கில் பழ அத்தியைச் சாக்கு சுற்றி மூடுகிறார்களே, பாளையங்கோட்டையில் நாமும் மூட வேண்டுமா என்பது கேள்வி. வேண்டாம்.

குளிர்காப்பு என்றால் மரத்துக்குள் இருக்கும் நீர் உறையாமல் பார்த்துக்கொள்வது. நீர் முதலில் செல்களுக்கு வெளியே உறையும். அந்தப் பனிக்கட்டி செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும், செல் வற்றிச் செத்துவிடும். சாக்கு சூடு தராது, மண்ணின் சூட்டைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். வளர்ந்த மரம் மைனஸ் 10 டிகிரி வாக்கில்தான் பெரிதாக அடிபடும். நம் மார்கழி இரவு 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம்.

இங்கே பயப்பட வேண்டியது ஐப்பசி, கார்த்திகை மழைக்குத்தான். தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகிவிடும். தூரைச் சுற்றி மேடாக்கி, கண்டிப்பாக வடிகால் வெட்டிவிடுங்கள்.

அப்புறம், இலை உதிர்ந்ததும் குளிரில் பட்டுப்போச்சு என்று வெட்டிவிடாதீர்கள். அது அத்தி ஓய்வெடுக்கும் காலம், கிளையை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை தெரியும்.