பிரிட்ஜில் 13 பாயின்ட்டில் ரிவர்ஸ் சொல்லலாமா?

கேள்வி: நானும் என் அண்ணனும் பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் பார்ட்னர்கள். என் கை: ஸ்பேட் 8, 3, ஹார்ட் ஏஸ், குயின், 7, 4, டைமண்ட் கிங், ஜாக், 8, 6, 2, கிளப் கிங், 5. ஏலத்தை (பிட்) நான் 1 டைமண்ட் என்று திறந்தேன், அண்ணன் 1 ஸ்பேட் சொன்னார். எதிரணி வாயே திறக்கவில்லை. நாலு ஹார்ட் இருக்கிறதே என்று 2 ஹார்ட் சொன்னேன். அவர் 3 டைமண்ட் சொல்ல, நான் பாஸ். இரண்டு டவுன், அதாவது சொன்னதை விட இரண்டு டிரிக் குறைவு. "உன் ரிவர்ஸை நம்பினேன்" என்கிறார். என் தவறு என்ன?

பதில்: தவறு அந்த 2 ஹார்ட்டில்தான். அண்ணனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவர் நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். கையில் ஸ்பேட் கிங், ஜாக், 7, 4. ஹார்ட் 6, 2. டைமண்ட் குயின், 5, 3. மீதி நாலும் சின்ன கிளப் என்று வையுங்கள். மொத்தம் 6 பாயின்ட் (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1). நீங்கள் சொன்ன இரண்டு சூட்டில் அவருக்குப் பிடித்தது டைமண்ட். ஆனால் ஹார்ட் டைமண்டை விட உயர்ந்த சூட் (கிளப், டைமண்ட், ஹார்ட், ஸ்பேட் என்று வரிசை ஏறும்). 2 டைமண்டுக்கான இடத்தை நீங்கள் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். முதல் சூட்டுக்குத் திரும்ப அவருக்கு 3 டைமண்டைத் தவிர வழியில்லை. இருவருக்கும் சேர்த்து 19 பாயின்ட்; எடுக்க வேண்டியதோ 9 டிரிக் (ஆறோடு சொன்ன மட்டம் மூன்று).

இதுவே நீங்கள் 1 ஹார்ட் திறந்து, அவர் 1 ஸ்பேட் சொல்லி, நீங்கள் 2 டைமண்ட் சொல்லியிருந்தால் அவர் 2 ஹார்ட்டில் நின்றுகொள்வார். திரும்பும் வழி இரண்டாம் மட்டத்திலேயே இருக்கிறது. முதல் சூட்டை விட உயர்ந்த புது சூட்டை இரண்டாம் மட்டத்தில் சொல்லி அந்த வழியை அடைப்பதற்குப் பெயர்தான் ரிவர்ஸ். பார்ட்னரை மூன்றாம் மட்டத்துக்குத் தள்ளுகிறவர் அதற்கான பலத்தைத் தன் கையில் வைத்திருக்க வேண்டும்: 17 பாயின்ட், நல்ல கையானால் 16. முதல் சூட் இரண்டாவதை விட நீளமாக இருக்க வேண்டும். ஒரு சுற்றுக்குப் பார்ட்னர் பாஸ் சொல்லவும் கூடாது. 1 டைமண்ட், 1 ஹார்ட், 1 ஸ்பேட் என்று போனால் அது ரிவர்ஸ் ஆகாது. முதல் மட்டத்திலேயே இருப்பதால் 12 பாயின்ட்டிலும் சொல்லலாம்.

உங்கள் கைக்குச் சரியான பிட் 1 நோ டிரம்ப் (துருப்புச் சூட் இல்லாத ஆட்டம்): 12 முதல் 14 பாயின்ட், சூட்டுகள் ஏறக்குறைய சமமாகப் பிரிந்த கை. அண்ணன் பாஸ் சொல்வார், 7 டிரிக் எடுத்தால் போதும்.

"அப்படியானால் என் ஹார்ட் வீணாகுமே" என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆகாது. நாலு ஹார்ட்டும் நாலு ஸ்பேடும் உள்ள பார்ட்னர் முதலில் சொல்வது 1 ஹார்ட். அண்ணன் 1 ஸ்பேட் சொன்னாலே, ஒன்று அவரிடம் நாலு ஹார்ட் இல்லை, அல்லது குறைந்தது ஐந்து ஸ்பேட் இருக்கிறது. ஐந்து ஸ்பேடும் நாலு ஹார்ட்டும் கொண்ட பலவீனமான கை என்றால், உங்கள் 1 நோ டிரம்ப்புக்கு மேல் அவரே 2 ஹார்ட் சொல்வார், நீங்கள் பாஸ் சொல்லலாம். பலமான கையென்றால் 2 கிளப் என்று செயற்கையாக, அதாவது கிளப்பைக் குறிக்காமல், கேட்கலாம். நியூ மைனர் ஃபோர்சிங் என்பது அதுதான். அப்போது 2 ஹார்ட் சொல்லி உங்கள் நாலையும் காட்டுங்கள். பிட்டிங் பாக்ஸில் ஹார்ட் அட்டையை விரல் தொடும்போதெல்லாம் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அதே கையில் டைமண்ட் 8-ஐ எடுத்துவிட்டு ஏஸை வையுங்கள். 17 பாயின்ட். இது அசல் ரிவர்ஸ், தயங்காமல் 2 ஹார்ட் சொல்லலாம். ஆனால் அண்ணன் 3 டைமண்ட் என்றால் அது 6 பாயின்ட்டா, 11 பாயின்ட்டா? முன்கூட்டிப் பேசி வைக்காவிட்டால் இருவருக்கும் தெரியாது. அதிக நஷ்டம் வருவது இங்கேதான்.

இதற்கு நான் பரிந்துரைப்பது லெபன்சோல் என்ற பிட் ஏற்பாடு. உங்கள் 2 ஹார்ட்டுக்குப் பின் அவர் சொல்லும் 2 நோ டிரம்ப் செயற்கையானது: "கை பலவீனம், 3 கிளப் சொல்லு" என்று பொருள். நீங்கள் 3 கிளப் சொல்வீர்கள். அவர் 3 டைமண்டுக்கு மாற்றுவார், அல்லது கிளப் நீளமாக இருந்தால் பாஸ். அங்கே நின்றுவிடுங்கள். உங்களிடம் 19 இருந்தால் மட்டும் 3 கிளப் சொல்லாமல் வேறு பிட் சொல்லுங்கள்; எதிரில் 6 இருந்தாலே கேமுக்கு (3 நோ டிரம்ப் போல போனஸ் தரும் பிட்டுக்கு) 25 சேர்ந்துவிடும். இந்த ஏற்பாடு இருப்பதால், 2 நோ டிரம்ப் வழியாக வராத நேரடி 3 டைமண்ட், கேம் வரை நிறுத்தாதே என்று அர்த்தமாகிவிடுகிறது. அவர் 2 ஸ்பேட் சொன்னால் ஐந்து ஸ்பேட் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், பலத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அதற்கும் பாஸ் கூடாது. 2 நோ டிரம்ப் செயற்கையானது என்பதால் போட்டிகளில் எதிரணிக்கு அலர்ட் (அது செயற்கை என்ற அறிவிப்பு) சொல்ல வேண்டியிருக்கும், மறக்க வேண்டாம்.

இதன் நுட்பமான வடிவம் பிளாக்அவுட். இதுவரை இருவரும் சொல்லாத நாலாவது சூட், 2 நோ டிரம்ப் இரண்டில் எது கீழே இருக்கிறதோ அது பலவீனம். நல்ல முறைதான். ஆனாலும் லெபன்சோல் நன்றாகப் பழகிய பிறகு அதைத் தொடுங்கள்.

அடுத்த ஆட்டத்துக்கு முன் அண்ணனிடம் ஒன்று கேட்டு வையுங்கள். 1 ஹார்ட், 2 கிளப், 2 ஸ்பேட் என்று வந்தால் அதற்கும் 17 வேண்டுமா? இரண்டாம் மட்டப் பதிலே கேம் வரை கட்டாயம் என்று ஆடுகிறவர்களில் பலர், அங்கே கூடுதல் பலம் தேவையில்லை என்கிறார்கள். வேண்டும் என்பவர்களும் உண்டு. இரண்டில் எதையும் எடுக்கலாம், இருவரும் ஒன்றையே எடுத்தால் சரி.