விகோவுக்கு முன்பக்கம் எதைப் போடுவது: நுவரெலியாவுக்குப் புதிதாய் வந்த தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வால்பாறையிலிருந்து வந்து கந்தப்பளை, இராகலைப் பக்கம் மரக்கறி சேர்க்கும் கம்பனியில் வேலை. கையில் கொடுத்திருப்பது 2010 டொயோட்டா ஹைலக்ஸ் விகோ டபிள் கெப் (இரண்டு வரிசை இருக்கை வைத்த பிக்கப்). முன்பக்கம் தளர்ந்து குதிக்கிறது. உள்ளூர் கராஜ்காரர் ஸ்பேசர் (இடையில் வைக்கும் இரும்புத் தட்டு) போட்டு மூன்று அங்குலம் தூக்கித் தருகிறேன் என்கிறார். கொழும்பில் ஒருவர் தனி எண்ணெய்க் குப்பி வைத்த விலையுயர்ந்த ஷொக் (குலுக்கலை அடக்கும் எண்ணெய்க் குழாய்) கிட்டைக் காட்டுகிறார். இரண்டில் எது, இல்லாவிட்டால் ஊரிலிருந்தே சாமான் வரவழைக்கலாமா என்பது கேள்வி.

இரண்டும் வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நானும் மலைக்காரன்தான், கோத்தகிரி. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிருந்து அனுப்பப்பட்டு வந்த குடும்பங்களின் நடுவே வளர்ந்துவிட்டு, எதிர்த்திசையில் வேலைக்கு வந்து டிக்கோயாவில் தங்கிவிட்டவன். நீலகிரி ரோட்டை ஓட்டியவனுக்கு இந்த ரோடு பெரிதில்லை என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. தார் ரோட்டைப் பொறுத்தவரை சரிதான். இறம்பொடை வளைவுகளில் உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோட்டத்துப் பாதை வேறு கதை. கருங்கல் சல்லி பெயர்ந்து கிடக்கும், இருபது முப்பது அடிக்கு ஒரு குறுக்குக் கான் (வடிகால்), அதற்கு மேல் மழை. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மி.மீட்டரைத் தாண்டிக் கொட்டும். நுவரெலியாவில் அவ்வளவு இல்லை, ஆனால் ஈரம் காய்வதே இல்லை. கானில் இறங்கி ஏறும்போது ஸ்பீடோமீட்டர் முள் 15, 20ஐத் தாண்டாது.

அந்த 15, 20தான் முக்கியம். தனிக் குப்பி வைத்த ஷொக், ஆஸ்திரேலியப் பாலைவனத்து நெளிநெளியான மண் ரோட்டில் மணிக்கணக்காக 80இல் ஓடும் வண்டிக்காகச் செய்தது. அங்கே ஷொக்குக்குள் எண்ணெய் சூடேறி நுரைத்து, பிடிப்பு போய்விடும். அதைத் தடுக்கத்தான் கூடுதல் எண்ணெயும் குப்பியும். இங்கே ஷொக் சூட்டில் சாவதில்லை. தண்டில் சேறு ஒட்டிக் காய்ந்து, எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீலை அறுக்கும், கல் அடிக்கும், புஷ் (இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம்) கிழியும். அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது தண்டுக்கு மேல் தூசி உறை இருக்கிறதா, குழாயின் சுவர் தடிப்பா, புஷ் சாதாரண ரப்பரா என்பதைத்தான்.

ஒற்றைக் குழாய் ஷொக்கைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பில்ஸ்டீன் அந்த வகைதான், ஓட்டத்தில் அருமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் பிஸ்டன் வெளிக்குழாயின் உள்சுவரிலேயே உரசி ஓடுகிறது. ஒரு கல் நன்றாக நசுக்கினால் பிஸ்டன் அங்கேயே இறுகும். இரட்டைக் குழாயில் வெளிச்சுவர் நசுங்கினாலும் உள்ளே வேலை நடக்கும். தோட்டத்துப் பாதைக்கு நான் இரட்டைக் குழாய்தான் சொல்வேன். ஓல்ட் மேன் ஈமுவின் சாதாரண வரிசை, அயன்மேனின் ஃபோம் செல் இரண்டும் அந்த வகை. பின்னதில் வாயுவுக்குப் பதிலாக நுரைப்பஞ்சு இருக்கும். பணம் இடிக்கிறது என்றால் ஜப்பான் கேவைபி போட்டு, உயரத்தை மறந்துவிடுங்கள். அதிலும் வண்டி மாறிப்போனது தெரியும்.

இப்போது அந்த மூன்று அங்குலம். விகோவில் முன்பக்கம் சக்கரத்தைத் தாங்கும் மேல் கை, கீழ்க் கை, நடுவில் ஸ்ப்ரிங்கும் ஷொக்கும் ஒன்றாய்ச் சேர்ந்த கால். விகோவுக்கு முந்தைய தலைமுறை 4 வீல் ஹைலக்ஸ், 2012 வரை வந்த டி-மேக்ஸ், பழைய எல்200 எல்லாம் டோர்ஷன் பார், அதாவது ஸ்ப்ரிங்குக்குப் பதிலாக முறுகும் இரும்புக் கம்பி. அதில் போல்ட்டை முறுக்கினால் வண்டி எழும்பும், ஆனால் சக்கரம் கீழே தொங்குவதற்கான இடம் போய்விடும். உங்களுடையதில் அந்தத் தொல்லை இல்லை. பதிலுக்கு ஸ்பேசர் தொல்லை. காலின் தலையில் ஒரு அங்குலத் தட்டு வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு அங்குலம் எழும்பும், ஏனென்றால் கால் நிற்பது கீழ்க் கையின் நடுவில். தட்டு வைத்த பிறகு கால் முழுதாய் நீளும்போது சக்கரம் டொயோட்டா நினைத்ததைவிடக் கீழே தொங்கும். மேல் கை ஸ்ப்ரிங்கில் உரசும், மேல் போல் ஜொயின்ட் (கையைச் சக்கரத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டு) கோணத்தின் எல்லைக்குப் போய்விடும், முன்சக்கரத்தைச் சுற்றும் ஆக்சில் மடங்கி ஓடும். ஒவ்வொரு கானிலும் ஒரு சக்கரம் தொங்கும் ஊரில் இதைச் செய்யச் சொல்பவர், நீங்கள் திரும்பத் திரும்ப கராஜுக்கு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறாரோ என்னவோ.

ஆக்சில் கதியைப் பார்க்க ஜாக் கூடத் தேவையில்லை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாய் ஒடித்து, டயருக்குப் பின்னால் கையை விட்டு ரிம்மின் உள்பக்கத்தைத் தடவுங்கள். கறுப்பாய், பிசுபிசுப்பாய், மணலோடு கலந்த கிரீஸ் விரலில் வந்தால் பூட் (ஆக்சில் மூட்டை மூடும் மடிப்பு ரப்பர் உறை) கிழிந்துவிட்டது. மடிப்புகளை விரித்துப் பார்த்தால் உள்மடிப்பில் முடி அளவு வெடிப்பு தெரியும். அந்தக் கட்டத்தில் கழற்றிக் கழுவி, கிரீஸ் வைத்து, புது பூட் போட்டால் ஆக்சில் பிழைக்கும். ஒரு மழைக்காலம் விட்டுவைத்தால் டக் டக் என்று சத்தம் தொடங்கும், பிறகு முழு ஆக்சில்தான்.

ஆகவே 40 மி.மீட்டர், மிஞ்சினால் 50. அதையும் ஸ்பேசரால் அல்ல, ஸ்ப்ரிங்கால். அந்த அளவுக்குள் இருந்தால் கீழ்க் கையின் கேம் போல்ட்டிலேயே (திருகிச் சக்கரக் கோணத்தை மாற்றும் போல்ட்) அலைன்மென்ட் பிடிக்கும். அதைத் தாண்டினால் கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) கிடைக்காது. வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாகத் திரும்பாது, பிறகு அதற்கென்று தனியாக மேல் கை வாங்க வேண்டும். அப்படி வாங்கும் நிலை வந்தாலும், திறந்த உருண்டை பேரிங் வைத்த பந்தயக் கை வேண்டாம். இந்த ஈரத்தில் அது சீக்கிரம் லொடலொடக்கும். ரப்பர் மூடி போட்ட சாதாரண போல் ஜொயின்ட் வைத்ததைப் பாருங்கள்.

ஸ்ப்ரிங் எடுக்கும்போது கடைக்காரர் முதலில் கேட்க வேண்டியது, முன்னால் என்ன பாரம் என்று. கேட்காதவரிடம் வாங்க வேண்டாம். வழக்கமாக வெறும் வண்டிக்கு ஒன்று, இரும்பு புல் பாருக்கு (முன் காப்புக் கம்பி) ஒன்று, புல் பாரும் வின்ச்சும் (கயிற்றால் இழுக்கும் மோட்டார்) சேர்ந்தால் ஒன்று என்று வகை இருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் பிளாஸ்டிக் பம்பர்தான் தெரிகிறது. அதற்கு வின்ச் வண்டி ஸ்ப்ரிங்கைப் போட்டால் மூக்கு வானத்தைப் பார்க்கும், கான் தாண்டும் ஒவ்வொரு முறையும் ஷொக் முழுதாய் நீண்டு மேலே டம் என்று அடிக்கும். பின்னால் லீக்ஸும் கரட்டும் ஏற்றும்போது இன்னும் மோசம். பாரம் பின்னால் அழுத்த, முன்பக்கம் தூக்க, ஹெட்லைட் மரத்து உச்சியில் அடிக்கும். மார்கழி மூடுபனியில் எதிரே வரும் பஸ்காரர் உங்களைப் பாராட்ட மாட்டார். முதலில் பின்பக்க லீஃப் ஸ்ப்ரிங்கை (பட்டைத் தகடு ஸ்ப்ரிங்) பாருங்கள், அதற்குப் பிறகுதான் முன் உயரம் எவ்வளவு என்ற பேச்சு.

வண்டியின் மதிப்பையும் யோசியுங்கள். நம்ம ஊரில் 2010 வண்டி என்றால் பழசு. இங்கே 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியவர்கள் தனியார் வாகனத்துக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த இடைவெளியில் டபிள் கெப் வைத்திருந்தவர் காணி வைத்திருந்தவர் மாதிரி. கம்பனி வண்டியில் எங்கேயும் வெட்டவோ வெல்டிங் வைக்கவோ விடாதீர்கள். கழற்றிய பழைய கால்கள் இரண்டையும் சாக்கில் சுற்றி ஸ்டோரில் வையுங்கள், விற்கும்போது கேட்பார்கள். கண்ணில் படும் அளவுக்கு உயரத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி, இன்சூரன்ஸ், ரோட்டில் பொலிஸ் என்று மூன்று இடத்தில் பதில் சொல்ல வேண்டிவரும். வேலை விசாவில் இருப்பவருக்கு அது தேவையில்லாத அலைச்சல். கம்பனியிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலையைச் செய்யக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்றைப் பக்கத்தில் நின்று பாருங்கள், கீழ்க் கையின் கேம் போல்ட். பத்துப் பதினைந்து வருட ஈரத்தில் அது புஷ்ஷின் உள் இரும்போடு துருவால் ஒட்டிப்போயிருக்கும். பாஸ் (இங்கே மெக்கானிக்கை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) சம்மட்டியை எடுப்பார், பிறகு வெட்டுச் சக்கரத்தை எடுப்பார். அதனால் புது கேம் போல்ட்டும் கீழ்க் கை புஷ்ஷும் முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டுத்தான் வண்டியை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் வண்டி கட்டையில் நிற்க நீங்கள் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்கு பஸ் ஏற வேண்டும். புது போல்ட்டைத் துருத் தடுப்புப் பசை பூசாமல் உள்ளே விடக் கூடாது. புஷ் போல்ட்டுகளைக் கடைசியாய் இறுக்குவது வண்டி நிலத்தில் தன் பாரத்தில் நிற்கும்போதுதான். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் நிரந்தரமாக முறுகி நின்று சீக்கிரம் கிழியும். போல் ஜொயின்ட், டை ரொட் எண்ட் (ஸ்டியரிங் கம்பியின் முனை மூட்டு) மாற்றுவதானால் 555 என்ற ஜப்பான் பிராண்டைக் கேளுங்கள். அந்தப் பெட்டியில் போலியும் வருவதால், பில் தரும் கடையில் மட்டும்.

ஊரிலிருந்து சாமான். பழைய இன்னோவாவும் விகோவும் ஒரே குடும்பம் என்று யாராவது சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அந்த இன்னோவா முன்சக்கரத்துக்கு இழுவை இல்லாத வண்டி, அதன் கையையும் காலையும் நம்பி வாங்க வேண்டாம். முதல் தலைமுறை ஃபோர்ச்சூனர், அதிலும் 4 வீல், உங்களுடையதுக்கு நெருக்கமான உறவு. அதன் பாட் நம்பரை உங்கள் சேஸிஸ் நம்பருக்கு வரும் நம்பரோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பொருந்தினால் கோயம்புத்தூரில் எடுக்கச் சொல்லலாம். ஆக்சில் பூட் கிட், கேம் போல்ட், புஷ் எல்லாம் பையில் அடங்கும் சின்னச் சாமான். வாயு அடைத்த ஷொக்கைப் பையில் வைப்பதற்கு முன் விமானக் கம்பனியிடம் கேட்டுவிடச் சொல்லுங்கள், அழுத்தம் அடைத்த பொருள் என்று கவுண்டரில் இறக்கிவைத்துவிடுவார்கள். பொங்கலுக்கு வருகிற உங்கள் அண்ணனிடம் முதலில் பூட் கிட்டைச் சொல்லிவிடுங்கள், படத்தில் இடப்பக்க ரிம் கறுப்பாய்த் தெரிகிறது.