ரெக்கர் யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வணக்கம் சார்,

ஹாலிவுட் நடிகர் ஜான் வெய்ன் சின்ன வயசுல நடிச்ச 'தி ஹரிக்கேன் எக்ஸ்பிரஸ்' (1932), அந்தக் காலத்துல தியேட்டர்ல வாரம் ஒரு எபிசோடா ஓடுன சீரியல், அதை யூடியூப்ல பாத்தேன். 12 எபிசோடும் ஒரே ஞாயித்துக்கிழமைல. ரயிலைக் கவுக்குற 'ரெக்கர்' யாருன்னு குறிப்பெல்லாம் எழுதிப் பாத்தேன், கடைசியில ஏமாத்திட்டாங்க. முகமூடியை மாட்டுனா உயரம், குரல் எல்லாமே மாறிடுதாம். இதெல்லாம் ஒரு மர்மக்கதையா?

இப்படிக்கு,
உங்க வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்க பாத்ததை எடுத்தது மஸ்காட் கம்பெனி, அவங்க சீரியல்ல துப்பு தேடுனா கிடைக்காதுங்க. 1927ல அந்தக் கம்பெனிய ஆரம்பிச்ச நாட் லெவின் காசு விஷயத்துல படு கெட்டி. ரெக்கர் இன்னொருத்தன் முகத்தை மாட்டிக்கிட்டு வர்ற சீன்ல, அந்த இன்னொருத்தனா நடிக்கிற நடிகரையே நிக்க வச்சு எடுத்துட்டாங்க, மேக்கப் செலவும் மிச்சம், அப்புறம் உயரமும் குரலும் மாறாம என்ன செய்யும்? ஆனா அதனாலயே எந்த சீன்லயும் யாரையும் நம்ப முடியாமப் போகுது பாருங்க, எனக்கு அதுதான் பிடிச்சது.

சினிமா பேச ஆரம்பிச்சதும் இவங்க அதை வச்சு செஞ்ச வேலை இன்னும் சுவாரசியம். 1929லயே 'தி கிங் ஆஃப் தி காங்கோ'ன்னு பாதி பேசுற, பாதி ஊமையான சீரியலை இறக்கிட்டாங்க. அப்புறம் ஒண்ணு புரிஞ்சுக்கிட்டாங்க, வில்லனுக்கு உடம்பே தேவையில்ல, குரல் போதும். 1931ல வந்த 'தி வேனிஷிங் லீஜியன்'ல வில்லன் பேரே 'தி வாய்ஸ்'. பேசுனது போரிஸ் கார்லாஃப், டைட்டில்ல பேர் கூட கிடையாது, அதே வருஷக் கடைசியில அவர் பூதமா நடிச்ச 'ஃபிராங்கன்ஸ்டைன்' படம் வந்து ஆளு எங்கயோ போயிட்டார். குரல் ஒருத்தர், கடைசியில வில்லனாப் பிடிபடுறது வேற நடிகர்னா எந்தப் புத்திசாலியாலயும் கண்டுபிடிக்க முடியாது. கள்ளாட்டம்தான், இல்லேன்னு சொல்லல.

'தி விஸ்பரிங் ஷேடோ' (1933)ல பெலா லுகோசி மெழுகுபொம்மை மியூசியம் வச்சிருப்பார். டிராகுலாவா நடிச்சவர் அந்தப் பொம்மைங்களுக்கு நடுவுல நின்னு முறைச்சா சந்தேகம் வேற யார் மேல போகும்? அதுக்குத்தான் அவரைப் போட்டதே. வில்லன் அவர் இல்ல. (சஸ்பென்ஸை உடைச்சுட்டேன், 90 வருஷம் ஆச்சு, பரவாயில்ல.)

எனக்கும் எரிச்சல் வர்ற இடம் ஒண்ணு உண்டு. ஒரு எபிசோடு முடிவுல ஹீரோவோட கார் பள்ளத்துல விழும், அடுத்ததுல பாத்தா அவர் முன்னாடியே குதிச்சிருப்பார். சனிக்கிழமை தியேட்டருக்கு வந்த பசங்களுக்கு நடுவுல ஒரு வாரம் இருந்துச்சு, திருப்பிப் பாக்க வழியும் இல்ல, நீங்க நாலு மணி நேரத்தை ஒரே மூச்சுல பாத்தா குட்டு வெளிப்படத்தான் செய்யும்.

அடுத்து 'தி ஷேடோ ஆஃப் தி ஈகிள்' பாருங்க, அதே 1932, அதே ஜான் வெய்ன். வில்லன் விமானத்துப் புகையால வானத்துல மிரட்டல் எழுதுவான், ஹீரோ பக்கம் கார்னிவல்காரங்க, அதுல ஒருத்தர் வாயசைக்காமப் பேசுற வித்தைக்காரர். வாரத்துக்கு ஒரு எபிசோடு போதும்.