தெரிவுச் சோதனைக்கு எத்தனை பேர்?

கேள்வி: பேருந்துப் பயணிகள் கட்டணம், நேரம், இருக்கை இவற்றில் எதைப் பெரிதாக நினைக்கிறார்கள் என்று தெரிவுச் சோதனை (இவை வெவ்வேறாக உள்ள பயணங்களைக் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது) மூலம் அளக்க எத்தனை பேரிடம் கேட்க வேண்டும்?

பதில்: கட்டணம், நேரம், இருக்கை ஆகிய பண்புகளில் அதிக நிலைகள் (கேள்விகளில் காட்டும் வெவ்வேறு அளவுகள்) உள்ளது எதுவோ, அதன் நிலை எண்ணிக்கையை 500-ஆல் பெருக்குங்கள். அதை, ஒருவருக்கான கேள்விகள், ஒரு கேள்வியிலுள்ள தெரிவுகள் இரண்டின் பெருக்கத்தால் வகுங்கள். கட்டணத்துக்கு 4 நிலைகள், 10 கேள்விகள், 2 தெரிவுகள் என்றால் 100 பேர். இது கீழ்வரம்புதான், வயதுவாரியாக ஒப்பிட, ஒவ்வொரு பிரிவிலும் அவ்வளவு பேர் வேண்டும்.

ஆனால் ஆள் கணக்கைவிடக் கேள்வி அமைப்பில்தான் அதிகக் கவனம் தேவை. கட்டணமும் நேரமும் எல்லாக் கேள்விகளிலும் சேர்ந்தே மாறினால், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஆயிரம் பேரைக் கேட்டாலும் பிரிக்க முடியாது. ‘இரண்டும் வேண்டாம்’ என்ற தெரிவையும் கொடுங்கள். இல்லாவிட்டால் பேருந்தே ஏறாதவரும் பயணியாகக் கணக்கில் வந்துவிடுவார்.