வாடைக்காற்றும் ஒரு ஜெர்மன் கவிஞரும்

கேள்வி: ஜெர்மன்காரர்கள் ஏன் கவிதை, தத்துவம், அரசியல் மூன்றையும் போட்டுக் குழப்புகிறார்கள்? ஹிட்லர் கட்சிக்காரரான தத்துவப் பேராசிரியர் ஹைடெகர் கொண்டாடினார் என்பதற்காகக் கவிஞர் ஹோல்டர்லினைச் சந்தேகப்படலாமா?
(ஒரு வாசகர், மண்டபம்)

பதில்: ஹோல்டர்லின், பிற்பாடு தத்துவவாதிகளான ஹெகல், ஷெல்லிங் மூவரும் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் இறையியல் படித்தபோது விடுதியில் அறைத்தோழர்கள். 1789-இல் பக்கத்துப் பிரான்சில் புரட்சி. இவர்கள் ஊரிலோ சிற்றரசர் ஆட்சி, வாய் திறக்க இடமில்லை. செய்ய முடியாத அரசியலை எழுத்தில் செய்தார்கள், அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். ஹெகல் கையெழுத்தில் கிடைத்து 1917-இல் அச்சான ஒரு தாள், அரசு வெறும் இயந்திரம், அது ஒழியட்டும், கவிதை மறுபடி மனிதகுலத்தின் ஆசிரியை ஆகும் என்கிறது. யோசனை மூவரில் யாருடையது என்று இன்றும் சண்டை. (அதே ஹெகல் பிற்பாடு பெர்லினில் அரசைப் போற்றித் தத்துவம் எழுதியது தனிக்கதை.)

ஹோல்டர்லினின் நண்பர் சின்க்ளேர் 1805-இல் ராஜதுரோக வழக்கில் கைதானார். ஹோல்டர்லினுக்கு மனநிலை சரியில்லை என்று மருத்துவர் சொன்னதால் அவர் அந்த வழக்கிலிருந்து தப்பினார். அப்புறம் 1807-இலிருந்து 1843-இல் சாகும்வரை ஒரு தச்சர் வீட்டுக் கோபுர அறைதான்.

சரி, ஹைடெகர். 1941-42 குளிர்காலத்தில், ஜெர்மன் படை மாஸ்கோ பக்கம் நிற்கையில், இவர் வகுப்பில் ஹோல்டர்லினின் 'நினைவு' கவிதையை விளக்கிக்கொண்டிருந்தார். 1802-இல் கவிஞர் வீட்டு ஆசிரியராக இருந்த பிரெஞ்சுத் துறைமுகமான போர்தோவைப் பற்றியது அது. வடகிழக்குக் காற்றுதான் எனக்குப் பிரியமானது, மாலுமிகளுக்கு நல்ல பயணம் தரும் என்று தொடங்கும். பாம்பனில் வாசித்தால் சிரிப்பார்கள். நமக்கு வாடை என்கிற அந்த வடகிழக்குக் காற்று அடித்தால் வடகடல் கொந்தளிக்கும், நாட்டுப்படகைத் தென்கடலுக்குக் கொண்டுபோக வேண்டும். மேற்கே கடல் உள்ள போர்தோவிலோ அதே காற்று கப்பலை வெளியே தள்ளிவிடும். அந்தக் கவிதையில் திருநாளன்று நடந்துபோகும் ஊர்ப் பெண்கள் மாநிறக்காரிகள். அந்த இடத்தில் ஹைடெகர் ஜெர்மன் பெண்களை இழுத்துவந்தார். இருபது வருடம் கழித்து அடோர்னோ என்ற தத்துவவாதி அந்தப் புரட்டைச் சரியாகப் பிடித்துக் காட்டினார்.

கவிஞரும் முழுக்கக் கைகழுவ முடியாது. தாய்நாட்டுக்காகச் சாவதைப் பாடி ஒரு கவிதை எழுதியிருக்கிறார். நாஜிகள் 1943-இல், அவருடைய நூறாவது நினைவு ஆண்டில், போர்முனைச் சிப்பாய்களுக்கென்றே அவர் கவிதைகளில் ஒரு தொகுப்புப் போட்டார்கள். ஆனால் அவர் மனதில் இருந்த நாடு, மன்னர்கள் இல்லாத நாடு.